வால்நட்சத்திரத்தைப் படத்தில் பிடித்த மாணவர்

மணலி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரிஃபைனரி, உரக் கம்பெனி, வரிசையாக நிற்கிற டேங்கர் லாரி. டிரெய்னிங் போய்வந்த சீனியர்களைக் கேட்டால் அந்த வாசனையோடு சேர்த்தே வர்ணிப்பாங்க. எம்.கே. வைணு பாப்பு என்ற பெயரில் முதலில் நிற்கிற 'எம்' எழுத்தும் மணலிதான். முழுப் பெயர் மணலி கல்லாட் வைணு பாப்பு. ஆனால் இது நம்ம எண்ணூர் பக்கத்து மணலி இல்லை நண்பர்களே, மலபார் பக்கத்துக் குடும்பப் பெயர். அவர் பிறந்தது என்னவோ மெட்ராஸில்தான், 1927 ஆகஸ்ட் 10-ஆம் தேதி.

காவலூர் என்ற பேரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து மலை ஏறினால் ஜவ்வாது மலைக்கு நடுவே வெள்ளைக் கோபுரங்கள் தெரியும். அதில் பெரிய கோபுரத்துக்குள் இருக்கிற தொலைநோக்கிக்கு இவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். அதோடு நம்ம ஆட்கள் நிறுத்திவிடுகிறோம். யார் இவர், என்ன செய்தார், எதற்கு அந்த மலையில் போய் உட்கார்ந்தார் என்று விசாரிப்பதில்லை. விசாரித்தால், லேத்தும் மைக்ரோமீட்டரும் பிடிக்கிற நமக்கு ரொம்பவே சொந்தமான கதை இது.

அப்பா ஹைதராபாத் பேகம்பேட்டையில் இருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அது சாதாரண இடம் இல்லை. உலகத்தில் பல ஊர்கள் ஒன்றுசேர்ந்து, வானம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு துண்டைப் போட்டோ எடுத்து நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போடுவது என்று ஒரு பெரிய திட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்தது. இந்தியாவிலிருந்து அதில் ஒரு பங்கை எடுத்துச் செய்தது நிஜாமியா. கண்ணாடிப் பிளேட்டில் படம் எடுப்பது, கழுவுவது, பிறகு ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுவது. பல வருஷ வேலை, லட்சக்கணக்கான புள்ளிகள். இந்தச் சூழலில்தான் பையன் வளர்ந்தார். மற்ற பிள்ளைகள் அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போவது மாதிரி இவருக்கு வானாய்வகம்.

முதலில் இதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்குதான். சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும். மாறும் நட்சத்திரம் என்று பேர். பக்கத்தில் இருக்கிற, வெளிச்சம் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இது எவ்வளவு இருக்கிறது என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே இந்தக் கவனிப்புகளை வைத்து அவர் எழுதிய கட்டுரைகள் அச்சாகிவிட்டன. நாம் அந்த வயதில் டிராயிங் ஷீட்டைச் சப்மிட் பண்ணவே திணறுகிறோம்!

ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஹார்லோ ஷேப்லி இந்தியா வந்தபோது, இளைஞர் பாப்பு அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பும், ஹைதராபாத் அரசு கொடுத்த உதவித்தொகையும் சேர்ந்து 1949-ல் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வயது இருபத்தொன்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இரவு வானத்தைப் படம் எடுப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இது புரிந்தால்தான் அவருடைய மிச்ச வாழ்க்கையும் புரியும்.

ஒரு கேமராவை ஸ்டாண்டில் ஆடாமல் நிறுத்தி, வானத்தைப் பார்க்க வைத்து, ஷட்டரை அரை மணி நேரம் திறந்து வைத்தால் என்ன கிடைக்கும்? புள்ளிப் புள்ளியாக நட்சத்திரம் வராது. ஒவ்வொன்றும் ஒரு கோடாக, வில்லாக இழுத்திருக்கும். பூமி சுற்றுகிறதல்லவா, அதனால்தான். மணிக்குப் பதினைந்து டிகிரி, நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. எல்லா வில்லும் ஒரே மையத்தைச் சுற்றி இருக்கும், அந்த மையத்துக்குப் பக்கத்தில் துருவ நட்சத்திரம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். நம்ம ஆரணியிலிருந்து பார்த்தால் வடக்கே அடிவானத்துக்கு மேலே சுமார் பதின்மூன்று டிகிரி உயரத்தில் அது இருக்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை வைத்தால் பத்து டிகிரி, அதற்கு மேலே இன்னும் கொஞ்சம். ஆனால் அந்தப் பக்கம்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் வெளிச்சம். துருவ நட்சத்திரத்தைத் தேடினால் ஃபாக்டரி விளக்குதான் பதில் சொல்லும். முயற்சி பண்ணுகிறவங்க, அமாவாசையை ஒட்டி, மார்கழி தைப் பனி இல்லாத இரவாகப் பார்த்து, மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கமாக வயல்வெளிக்குப் போவது உத்தமம். ஃபிலிம் கேமரா என்றால் 'பி' செட்டிங், கேபிள் ரிலீஸ், ஸ்டாண்ட். இப்போது டிஜிட்டலில் முப்பது முப்பது செகண்டாக நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். வெளிச்சம் உள்ள ஊரில் அதுதான் சரி, இல்லாவிட்டால் வானமே வெளுத்துப்போகும்.

இந்தக் கோடுகள் நமக்கு அழகு. வானியல்காரருக்கு அது தொந்தரவு. மங்கலான நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரே புள்ளியில் மணிக்கணக்கில் சேர்ந்தால்தான் பிளேட்டில் பதியும், கோடாகப் பரவிவிட்டால் காணாமல் போய்விடும். அதனால் பூமி ஒருபக்கம் சுற்றினால் தொலைநோக்கியை எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் சுற்ற வேண்டும். இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிஷம் நாலு செகண்டுக்கு ஒரு சுற்று. அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். வார்ம் கியர், பேரிங், மோட்டார், எதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக்கல் பசங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

1949 ஜூலை 2. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓக் ரிட்ஜ் நிலையத்தில் ஷ்மிட் கேமராவில் பாப்பு ஒரு பிளேட் எடுத்தார். பிளேட்டைக் கழுவிப் பார்க்கும்போது, நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. புகை மாதிரி ஒரு தலை, அதிலிருந்து வால். புது வால்நட்சத்திரம்! ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் இருவரும் பார்த்து உறுதிசெய்தார்கள். மூவர் பேரும் சேர்ந்து பாப்பு–போக்–நியூகிர்க் என்று அது உலகப் பட்டியலில் ஏறியது. பாதையைக் கணக்குப் போட்டபோது அது சூரியனை ஒருமுறை சுற்றிவர சுமார் 60,000 வருஷம் ஆகும் என்று தெரிந்தது. பசிபிக் வானியல் சங்கம் டொனஹோ பதக்கம் கொடுத்தது. அமெரிக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதிர்ஷ்டம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளேட்டில் ஒரு கறை விழுந்தால் அது தூசியா, கெமிக்கல் தவறா, நிஜமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கண் பழகியிருக்க வேண்டும். பேகம்பேட்டையில் சின்ன வயதிலிருந்து பழகிய கண் அது.

1952-ல் டாக்டர் பட்டம். அடுத்து கார்னகி ஃபெல்லோஷிப்பில் கலிபோர்னியா, மவுண்ட் வில்சன், பாலோமர். உலகத்திலேயே அப்போது பெரிய தொலைநோக்கி பாலோமரில்தான், 200 அங்குலக் கண்ணாடி. அங்கே ஆலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து செய்த வேலைதான் பாடப்புத்தகத்தில் நிற்பது. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்து நிறமாலையாகப் படம் எடுத்தால், கால்சியத்துக்கு உரிய இடத்தில் சில நட்சத்திரங்களில் ஒரு மெல்லிய பிரகாசக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடுகிறது. உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்குப் போடலாம். ஒரு கோட்டை அளந்து நட்சத்திரத்தின் தூரம்! 1957-ல் வெளிவந்த இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்று பேர்.

1953-ல் இந்தியா திரும்பிவிட்டார். அங்கேயே இருந்திருக்கலாம், நல்ல இடம் கிடைத்திருக்கும். இங்கே வந்தால் பாலோமர் மாதிரி எதுவும் கிடையாது. உத்தரப் பிரதேச அரசு புதிதாக ஆரம்பித்த வானாய்வகத்தில் சேர்ந்து, வாரணாசியிலிருந்து அதை நைனிடால் மலைக்கு மாற்றினார். பிறகு 1960-ல் நம்ம கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர். வயது முப்பத்திரண்டு.

கொடைக்கானல் பற்றி ஒரு வார்த்தை. டூர் போகிறோம், ஏரியில் படகு விடுகிறோம், கோக்கர்ஸ் வாக்கில் போட்டோ எடுக்கிறோம். அதே மலையில் 1900-களின் தொடக்கத்திலிருந்து மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வந்தார்கள். பல தலைமுறை ஊழியர்களின் உழைப்பு அந்தப் பிளேட்டுகள். சூரியப் புள்ளிகளை ஆராய்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் பாப்புவுக்கு இரவு வானம் வேண்டும். கொடைக்கானலில் இரவில் பனியும் மேகமும் கூடுதல். வேறு மலை தேடினார்.

தேடலில் கிடைத்தது காவலூர். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரம், சந்தனமரக் காடு, பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் இல்லை. பூமத்திய ரேகையிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான் என்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாத நட்சத்திரங்கள் இங்கே தெற்கு அடிவானத்துக்கு மேலே வரும். (ஆரணி என்று சொன்னால் வெளியூர்க்காரங்க பட்டு ஆரணியா என்று கேட்டு நம்மைக் கடுப்பேற்றுவார்கள். ஜவ்வாது மலை அந்த ஆரணிக்குத்தான் பக்கம். இந்த ஒரு விஷயத்தில் அவங்க குடுத்துவச்சவங்க!)

1968-ல் அங்கே முதல் தொலைநோக்கி நின்றது. 38 சென்டிமீட்டர் கண்ணாடி. கொடைக்கானலில், நம்ம ஆட்கள் கையால் செய்தது. அடுத்து 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் சைஸ் கம்பெனியிலிருந்து வந்தது. வந்த வருஷமே வேலை. வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்த நிகழ்ச்சியைக் காவலூரிலிருந்து பார்த்தார்கள். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, மறைப்பதற்கு முன்பே அதன் வெளிச்சம் வெட்டி வெட்டிக் குறைந்தது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்பதை உலகம் அன்றைக்குத்தான் கண்டது. அதைப் பதிவு செய்தவர்களில் காவலூரும் ஒன்று. இதற்கிடையே 1971 ஏப்ரலில் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக உருவானது, அதற்கும் பாப்புவே இயக்குநர்.

இனிதான் கதையின் முக்கியமான கட்டம். பெரிய தொலைநோக்கி ஒன்று வேண்டும். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்தால் கப்பலில் வந்து இறங்கும், ஒரு மீட்டர் கருவி அப்படித்தான் வந்தது. பாப்பு அந்த வழியை எடுக்கவில்லை. 234 சென்டிமீட்டர் கண்ணாடியோடு இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. வெப்பத்தில் கிட்டத்தட்ட விரியாத ஸெரோடூர் என்ற வகை. தேய்ப்பதும் மெருகேற்றுவதும் பெங்களூரில், நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். பொறுப்பு ஜெயராஜன் என்ற ஒளியியல் நிபுணருக்கு. இரும்பு வேலை வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ். சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை மெஷின் செய்கிற கம்பெனி தொலைநோக்கி செய்தது!

நம்ம ஒர்க்‌ஷாப்பில் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் 0.02 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரில் 0.01, அதாவது பத்து மைக்ரான். இந்த மாதிரிக் கண்ணாடிகளில் பரப்பின் பிழை ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்குக்குள் இருக்க வேண்டும். ஒளியலை நீளமே அரை மைக்ரான், அதில் பத்தில் ஒன்று என்றால் 0.05 மைக்ரான். நம்ம மைக்ரோமீட்டர் பார்க்கக்கூடியதைவிட இருநூறு மடங்கு நுணுக்கம், இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலமுள்ள பரப்பு முழுக்க. கொஞ்சம் தேய், நிறுத்து, ஆறவிடு, சோதி, மறுபடி தேய். வருஷக்கணக்கில் இதுதான். அவசரப்பட்டு ஒரு இடத்தில் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் மற்ற இடம் முழுவதையும் அதற்குச் சமமாக இறக்கியாக வேண்டும்.

அச்சு விஷயமும் அப்படித்தான். பாலோமரில் அச்சு முப்பத்துமூன்று டிகிரி சாய்ந்திருக்கும். காவலூரில் பன்னிரண்டரை டிகிரிதான், கிட்டத்தட்டப் படுத்தவாக்கில். குதிரை லாட வடிவத்தில் ஒரு பெரிய வளையத்தின் மேல் எடை உட்கார்ந்து, கடிகாரம் மாதிரி திரும்ப வேண்டும். அங்கே இருக்கிற டிராயிங்கை அப்படியே நகலெடுத்தால் இங்கே நிற்காது. நம்ம இடத்துக்கு நாமே கணக்குப் போட வேண்டும்.

பாப்பு இதோடு மட்டும் இருந்தவர் இல்லை. உருதுக் கவிதையில் மோகம், ஓவியம் வரைவார், தோட்டம் போடுவார். ஆனால் காவலூர் என்றால் ஒவ்வொரு கட்டடமும், மரமும்கூட அவர் கவனத்தில் இருந்தது. விருதுகள் வந்தன, 1970-ல் பட்நாகர் பரிசு, 1981-ல் பத்மபூஷண். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

1982 ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தின் மாநாடு கிரேக்க நாட்டுப் பட்ராஸ் நகரத்தில். தலைவர் என்ற முறையில் அவர் நடத்த வேண்டிய மாநாடு. அதற்கு முன்பு ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருந்தபோது இதயக் கோளாறு. அறுவை சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. மாநாடு பட்ராஸில் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஆகஸ்ட் 19 அன்று காலமானார். ஐம்பத்தைந்து வயது முடிந்து ஒன்பது நாள்.

பெரிய தொலைநோக்கி அப்போது முடியவில்லை.

வெளியில் வாங்கியிருந்தால் அவர் தன் கண்ணாலேயே அதில் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று ஒரு நண்பன் என்னோடு சண்டை போட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பின்னாளில் லடாக்கின் ஹான்லேயில் அதே நிறுவனம் வைத்த இரண்டு மீட்டர் தொலைநோக்கி அமெரிக்காவில் செய்து வாங்கியதுதான். அது 2001-லிருந்து நன்றாகவே வேலை செய்தது. செய்வதா, வாங்குவதா என்ற கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் இரண்டேகால் மீட்டர் கண்ணாடியைத் தேய்த்த கைகளும், அந்தச் சுமையைக் கடிகாரம் மாதிரித் திருப்பிய கைகளும் நம் நாட்டில் உருவானது, அவர் வாங்காமல் விட்டதால்தான். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதும் தெரிந்ததுதான்.

1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, 1988 பிப்ரவரி 17-ல், அதே மலையில் இருந்த 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ராஜமோகன் தலைமையிலான குழு ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தது. படம் எடுப்பது, கழுவுவது, இருக்கக் கூடாத புள்ளி எங்கே என்று தேடுவது, 1949-ல் ஹார்வர்டில் நடந்த அதே வேலைமுறை. இந்திய மண்ணிலிருந்து அதற்கு முன்னால் கடைசியாக ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது 1885-ல், மெட்ராஸ் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், போக்சன் என்ற ஆங்கிலேயரால். காவலூர்ச் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், அதன் எண் 4130. பாப்புவின் பெயரிலும் ஒன்று சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எண் 2596.